அடைமழையில் வீட்டுப் பூண்டை எப்போது பிடுங்குவது, எங்கே உலர்த்துவது?

கேள்வி: சுங்கை சிப்புட் வீட்டுத்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். எட்டு வாரம் குளிர்பெட்டியில் வைத்திருந்த 40 பூண்டுப் பற்களை, மே மாதக் கடைசியில் செம்பனை நாற்றுப் பைகளில் நட்டேன். இப்போது அக்டோபர், பிற்பகல் மூன்று மணியானால் மழை பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு செடியிலும் அடித்தாள்கள் மூன்று காய்ந்துவிட்டன. மேலே ஐந்தாறு இன்னும் பச்சையாக நிற்கின்றன. நேற்று ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன். வெளித்தோல் ஊறிப்போய், விரல் பட்டதும் மண்ணோடு கழன்று வந்தது. உள்ளே பற்கள் நன்றாகவே பிரிந்திருந்தன. தாள் முழுவதும் காயட்டும் என்கிறார் என் கணவர். அதற்குள் எல்லாம் அழுகிவிடுமோ என்று நான் அஞ்சுகிறேன். பிடுங்கியபின் காலை வெயிலில் தகரக் கூரைமேல் பரப்பலாமா?

மறுமொழி: முன்னாள் கேமரன் மலைக்காரர்

சகோதரி, இனியும் காத்திருக்க வேண்டாம். பூண்டின் ஒவ்வொரு தாளும் கீழே ஒரு தோலாகப் பூண்டைச் சுற்றியிருக்கிறது. தாள் காய்ந்தால் அந்தத் தோலும் ஈர மண்ணில் மட்கத் தொடங்கும். பச்சைத் தாள் ஐந்து இருக்கும்போது பிடுங்கினால், மண் படிந்த ஒன்றிரண்டு தோல்களை உரித்தெறிந்த பிறகும் பூண்டை மூட மூன்று தோல்களாவது மிஞ்சும். தாளைப் பிடித்து இழுக்காமல் பையைக் கிழித்து எடுங்கள். கழுவ வேண்டாம், ஒட்டிய மண் காய்ந்தபின் தானே உதிரும்.

தகரக் கூரை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் பற்கள் வெந்தவைபோல் கண்ணாடி நிறத்துக்கு மாறிவிடும். சில பூண்டு பிரியாமல் ஒற்றைப்பல்லாக வந்தால் அது உங்கள் குற்றமன்று. பூண்டு திரள்வதற்குக் குளிரும் நீண்ட பகலும் வேண்டும்; நம் மலேசியாவிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான்.

மறுமொழி: லயத்துப் பாட்டி

அம்மா, உலர்த்துவதைப் பற்றி நான் சொல்கிறேன். தோட்டத்தில் ரப்பர் சீட்டு உலர்த்திய புகைக்கூடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், காய வேண்டுமென்றால் சூடு வேண்டும் என்றே நினைப்போம். ஆனால் சீட்டுக்கு ஏற்ற 60 பாகை வெப்பம் பூண்டுக்கு ஆகாது. அதற்கு வேண்டியது ஓடும் காற்று. தாளை வெட்டாமல் ஆறு ஆறாகக் கட்டி, மழைச்சாரல் படாத முன்தாழ்வாரத்தில், சுவரில் உரசாதபடி கயிற்றில் தொங்கவிடுங்கள். மின்விசிறியை மெதுவான வேகத்தில் இரவும் பகலும் ஓடவிடுங்கள். மழை நாள்களில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. சோற்றுப்பானை ஆவி அடிக்கும் சமையலறையில் கட்டினால் நான்கே நாளில் பச்சைப் பூஞ்சணம் வந்துவிடும்.

மூன்று, நான்கு வாரம் ஆகும். தாள் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கழுத்தை இரு விரலால் அழுத்தித் திருகிப் பாருங்கள், வழவழப்பு இருந்தால் இன்னும் காயவில்லை. தோல் கிழிந்தவற்றைக் கட்டாமல் முதலில் சமைத்துவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. காற்றுப் படாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் கொடிய நஞ்சு உருவாகலாம் என்பதால் அதை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி: சுங்கை சிப்புட் வீட்டுத்தோட்டம்

இருவருக்கும் மிக்க நன்றி. அன்று மாலையே மீதமிருந்த 39 செடிகளையும் எடுத்துவிட்டோம். ஆறு அழுகியிருந்தன, ஒன்பது ஒற்றைப்பல், மற்ற 24 நன்றாகத் திரண்டிருந்தன. இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகின்றன. விசிறிக்கு நேரே தொங்கிய கட்டுகளில் தோல் காகிதம்போல் சரசரக்கிறது. கழுத்தை ஓர் அங்குலம் விட்டுத் தாளை வெட்டி, வலைப்பையில் போட்டுவிட்டேன். தூண் மறைவில் இருந்த ஒரு கட்டு மட்டும் பாட்டி சொன்னதுபோல் திருகும்போது இன்னும் வழுக்குகிறது. அதை இன்று காலை விசிறிப் பக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறேன்.