தக்ராவ் ஆடிய காலில் ஃபுட்பேக் நிற்க மாட்டேன் என்கிறது, ஸ்டால் எப்படிப் பழகுவது?

பால்மரத்தான்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை, வயது 38. பள்ளியில் தக்ராவ், அதாவது பந்தைக் காலால் தட்டி வலைக்கு மேல் அனுப்பும் ஆட்டம், ஆடியவன். அதற்கும் முன்னால் தோட்டத்து லயத்தில் பழைய டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி, கோழி இறகைச் செருகி உதைத்துக்கொண்டிருந்தோம். ஆகவே காலால் எதையாவது தட்டிக்கொண்டிருப்பது எனக்குப் புதிதில்லை.

அக்காள் மகன் தீபாவளிக்கு வந்தபோது ஒரு ஃபுட்பேக்கை விட்டுவிட்டுப் போனான். உள்ளங்கைக்குள் அடங்கும் துணிப்பந்து, உள்ளே மணல். தட்டுவது பிரச்சினை இல்லை, சிலாவில், அதாவது பாதத்தின் உள்பக்கத்தால், எவ்வளவு நேரமானாலும் தட்டுவேன். ஆனால் வீடியோவில் பையன்கள் பந்தைக் கால்மேல் அப்படியே உட்காரவைத்து, ஒரு நொடி நிறுத்தி, மறுபடி தூக்கிவிடுகிறார்களே, அந்த ஸ்டால்தான் வரவில்லை. பாதத்தில் பட்டதும் தெறித்து வடிகால் பக்கம் ஓடிவிடுகிறது. என் மகள் வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

எந்த ஸ்டாலில் தொடங்கலாம்? கிளிப்பர் என்கிறார்களே, அதை இப்போதே தொடலாமா? செருப்பா, சப்பாத்தா, வெறுங்காலா? வலது முட்டி கொஞ்சம் பழைய கேஸ், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

அஞ்சடித் தையல்காரி:

அண்ணே, உங்களுக்கு வந்திருப்பது தக்ராவ் ஆடியவர்கள் எல்லோருக்கும் வருவதுதான். பினாங்கில் படித்தபோது எங்கள் ஹாஸ்டலில் ஒரு வெளிநாட்டு மாணவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். பந்தையே தொடாத பெண்கள் எல்லாம் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள், தக்ராவ் பையன்கள்தான் திணறினார்கள்.

காரணம் இதுதான். தக்ராவில் பந்து வரும்போது கால் மேலே போகும். ஸ்டாலில் பந்து வரும்போது கால் கீழே இறங்க வேண்டும். மரத்தில் ஏறியவன் மாங்காயைப் பறித்துப் போட, கீழே கைலியை விரித்துப் பிடிப்போம் இல்லையா? இறுக்கிப் பிடித்தால் மாங்காய் துள்ளி வெளியே விழும், தொய்வு கொடுத்தால் தங்கும். அந்தத் தொய்வு உங்கள் காலில் இல்லை. பந்தை நிறுத்த முயற்சி செய்யாதீர்கள். அது விழுகிற வேகத்திலேயே நீங்களும் காலைக் கூட இறக்கிக்கொண்டு போங்கள், தானாக நின்றுவிடும்.

முதலில் டோ ஸ்டால். பந்தைக் கையில் இடுப்பு உயரத்தில் பிடித்து, தூக்கிப் போடாமல் சும்மா விடுங்கள். பாதத்தை முன்கூட்டியே தரையிலிருந்து தூக்கிவைத்துக்கொள்ளுங்கள், கெண்டைக்கால் உயரம் போதும். விரல்களை உங்கள் பக்கமாக மேலே இழுத்தால் விரல் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் வரும், பந்து உட்கார வேண்டிய இடம் அதுதான். பலரும் பாதத்தை முன்னால் நீட்டிச் சரிவாக வைத்துவிடுகிறார்கள், அப்புறம் பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று புலம்புகிறார்கள். சரிவில் வைத்தால் ஓடத்தானே செய்யும்? பாதம் உடம்புக்குப் பக்கத்தில், மட்டமாக இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், தரையில் ஊன்றியிருக்கும் கால். அதன் முட்டி மடங்கியே இருக்க வேண்டும். கம்பம் மாதிரி நின்றுகொண்டு மற்றக் காலை எவ்வளவு மெதுவாக இறக்கினாலும் கடைசியில் ஒரு உதறல் வரும், அந்த உதறல்தான் பந்தைத் தள்ளிவிடுகிறது. குனியவும் வேண்டாம். முதுகை வளைக்காமல் முட்டியில் இறங்குங்கள், கண் மட்டும் பந்தின் மேல் இருக்கட்டும். பந்து பாதத்தில் உட்கார்ந்தது கண்ணுக்குத் தெரியும்வரை பார்வையை எடுக்காதீர்கள்.

உட்கார்ந்துவிட்டதா? இப்போது உதைக்காமல் தொடையைத் தூக்கிப் பந்தை மேலே விடுங்கள், கையில் பிடியுங்கள். அதற்கு செட் என்று பெயர். பந்து இடுப்பு உயரத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. நெஞ்சுவரை தூக்கினால் இறங்கும்போது வேகமும் கூடிவிடும், உங்கள் பாடும் கூடிவிடும். கையில் பிடிப்பது சுலபமானதும் கையை விட்டுவிட்டு அதே காலில் மறுபடி ஸ்டால், பிறகு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு. இடது காலை ஒத்திப்போடாதீர்கள். வலது நன்றாக வந்தபிறகு பார்க்கலாம் என்றால் இடது என்றைக்கும் வராது.

இன்சைட் ஸ்டாலுக்கு உங்களிடம் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. சிலா அடிக்கும் அதே கால்வடிவம்தான், உள்பக்கம் வானத்தைப் பார்க்க மட்டமாக வைத்து, பட்டதும் இறக்க வேண்டும். அவுட்சைடை இப்போது விட்டுவிடுங்கள், இடுப்பு அவ்வளவு சுலபத்தில் திரும்பாது.

கிளிப்பரை மட்டும் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். டோவும் கிளிப்பரும்தான் ஃப்ரீஸ்டைலுக்கு, அதாவது பந்தை வைத்து வித்தை காட்டும் ஆட்டத்துக்கு, இரண்டு வாசல்கள், பின்னால் வரும் வித்தைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்துதான் கிளம்பும், இந்த இரண்டில்தான் வந்து முடியும். வலது காலில் செய்வதாக இருந்தால் இடது முட்டியை நன்றாக மடக்கி நில்லுங்கள். வலது பாதத்தை இடது காலுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது பக்கம் வெளியே எட்டிப்பார்க்கும்படி வையுங்கள், உள்பக்கம் மேலே இருக்க வேண்டும். பந்தை உங்களுக்கு நேர்முன்னால் விடாமல் இடது பக்கமாக, உடம்பைவிட்டு ஒரு கை தள்ளி விடுங்கள். முதலில் பந்தே இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த நிலையில் நின்று பாருங்கள். நிற்கவே முடியவில்லை என்றால் பந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பந்து விஷயத்தில் என் தொழில் புத்தி கொஞ்சம் பேசும், மன்னிக்கவும். மணல் போட்டது நல்லது, ஆனால் புதிதாக இருக்கும்போது விறைப்பாக இருக்கும். கையில் பிசைந்து பழக்குங்கள். பாதத்தில் விழுந்ததும் அப்பம் மாதிரி படிந்தால் அது ஸ்டாலுக்கு ஏற்ற பந்து. ஃப்ரீஸ்டைல்காரர்கள் 32 துண்டு வைத்துத் தைத்ததைத்தான் அதிகம் விரும்புகிறார்கள், மெல்லிய செயற்கை ஸ்வேட் துணியில். துண்டு கூடக்கூட உருண்டையாகவும் மென்மையாகவும் வரும். வீட்டில் தைப்பதானால் அஞ்சாங்கல்லுக்கு அரிசி போட்டுத் தைக்கும் குட்டிப் பையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அரிசி வேண்டாம், வண்டு வைக்கும். பச்சைப் பயறு இன்னும் மோசம், ஒரு மழையில் முளை விட்டுவிடும். ஆற்று மணலை அலசி, காயவைத்து, சலித்து, முக்கால் பாகம் மட்டும் போடுங்கள். ஜீன்ஸ் துணி கூடாது, விறைப்பு.

கம்போங் சப்பாத்து:

அக்கா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. பல வருடம் தக்ராவ் ஆடியவரை ஏன் டோவில் தொடங்கச் சொல்ல வேண்டும்? இன்சைடில் தொடங்கினால் முதல் நாளே ஏதோ ஒன்று நிற்கும், மனிதனுக்கு உற்சாகம் வரும். டோ அப்புறம் வரட்டும்.

சப்பாத்துக்கு வருவோம். தோட்டத்தில் எல்லோரும் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான் நாம் அடிடாஸ் கம்போங் என்று கேலியாகச் சொல்வது, இதற்குச் சரிப்படாது. மழையில் பால் வெட்டப் போகலாம், செம்பனைக் குலை தூக்கலாம். முனை உருண்டையாக இருப்பதால் பந்து உருண்டு போய்விடும். தக்ராவ் சப்பாத்து மிச்சம் இருந்தால் அதையே எடுங்கள், உள்பக்கம் தட்டையாக இருக்கும், இன்சைடுக்கும் கிளிப்பருக்கும் நல்லது. விரல் பக்கத்துக் கயிற்றுத் துளைகளில் கடைசி ஒன்றிரண்டைக் கயிறு கோக்காமல் விட்டால் முன்பக்கம் அகலமாகும், டோ ஸ்டாலுக்கு இடம் கிடைக்கும். ஜப்பான் சிலிப்பரில் மட்டும் ஆடாதீர்கள், செருப்பு பந்தைவிடத் தூரம் பறக்கும்.

இன்னொன்று. ஃபுட்பேக்கிலும் வலை வைத்து ஆடும் போட்டி உண்டு, வலை 5 அடி. மீட்டரில் 1.52, ஆண்கள் தக்ராவ் வலையும் அதே உயரம்தான். பூப்பந்து கோர்ட்டின் அளவிலேயே ஆடுவார்கள். உங்களை மாதிரி ஆளுக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரிடையர்ட் வாத்தியார்:

முட்டி பற்றிக் கேட்டிருந்தாய், தம்பி. இந்த விளையாட்டே முட்டியிலிருந்து பிறந்தது. 1972இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜான் ஸ்டால்பெர்கர் என்பவர் முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தார். மைக் மார்ஷல் என்பவர் கையால் தைத்த ஒரு குட்டிப் பையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து ஆட ஆரம்பித்து, ஹேக்கி சாக் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். மார்ஷல் பாவம், 1975இலேயே மாரடைப்பில் போய்விட்டார். ஸ்டால்பெர்கர் விடாமல் நடத்தினார். 1983இல் வாம்-ஓ நிறுவனம் அந்தப் பெயரை வாங்கியது.

அஞ்சடித் தையல்காரி:

வாத்தியார் ஐயா கதை அருமை. ஆனால் அதைப் படித்துவிட்டு இதை வைத்தியம் என்று அண்ணன் நினைத்துவிடக் கூடாது. தட்டுவது வேறு, கிளிப்பர் வேறு. கிளிப்பரில் திருகல் இடுப்பில் இருக்க வேண்டும். இடுப்பு திரும்பாதபோது முட்டியைத் திருகிச் சமாளிக்கிறோம், அங்கேதான் வலி பிடிக்கும். வலது முட்டி கேஸ் என்றால் வலது கால் ஊன்றி நிற்கிற பக்கத்தையும் கவனியுங்கள், மடக்கி நிற்கும்போது அதற்குத்தான் பாரம் அதிகம். வீக்கம் வந்தால் முதலில் கிளினிக், பிறகு பந்து.

கம்போங் சப்பாத்து தம்பிக்கு: இன்சைடில் தொடங்கினால் சீக்கிரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அவர் கால் அந்த வடிவத்தைப் பார்த்ததுமே அடிக்கத்தான் கிளம்பும், இத்தனை வருடப் பழக்கம். டோ அவருக்குப் புதுசு, அதில் மறக்க வேண்டியது எதுவும் இல்லை. அதனால்தான் டோ என்றேன்.

பால்மரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுக் கோர்ட்டில் பார்த்தேன். கையிலிருந்து விட்டால் வலது காலில் டோ நிற்கிறது. ஊன்றிய காலை மடக்கியதும்தான் வித்தியாசம் தெரிந்தது. இன்சைடில் அக்கா சொன்ன மாதிரியேதான், கால் தானாகத் தட்டிவிடுகிறது.

இடது காலில் டோ வரும்போது பந்து எப்போதும் வெளிப்பக்கமாகவே சரிந்து விழுகிறது. அது ஏன்?

அஞ்சடித் தையல்காரி:

சுண்டுவிரல் பக்கம் தாழ்ந்திருக்கிறது, அண்ணே. பழகாத காலில் கணுக்கால் வெளியே சாயும். பந்து விடுவதற்கு முன் பெருவிரலையும் சுண்டுவிரலையும் ஒரே உயரத்தில் வைத்துப் பாருங்கள், மகளை எதிரே நிற்கவைத்துப் பாதம் மட்டமாக இருக்கிறதா என்று சொல்லச் சொல்லுங்கள். அப்படியும் சரிந்தால் முட்டியைக் கொஞ்சம் உள்ளே திருப்புங்கள்.