சாதாரணக் குடும்பத்துக்கு வளம் குன்றா வாழ்க்கை என்றால் உண்மையில் என்ன?

ஆனையூர்வாசி:
மதுரை ஆனையூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், என் தாயார் என ஐந்து பேர். வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக என் சம்பளத்தில் மிஞ்சுவது சொற்பம். சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை என்று எங்கே தேடினாலும் மூங்கில் பல்துலக்கி, செம்புக் குடுவை, இரு மடங்கு விலைக்கு விற்கும் இயற்கை விளைபொருள் என்று வாங்க வேண்டியவற்றின் பட்டியலே கிடைக்கிறது. வசதியுள்ளவர்கள் மட்டும் கடைப்பிடிக்கக்கூடிய ஒன்றா இது? மாடியில் தோட்டம் போடவோ சூரியத் தகடு பொருத்தவோ எனக்கு உரிமையில்லை. இந்த நிலையில் இருப்பவர் எதைச் செய்தால் உண்மையான பயன் இருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செல்லூர் மின்பணியாளர்:
ஐயா, பல்துலக்கியை விட்டுவிட்டு மின்விசிறியைப் பாருங்கள். பழைய வகை விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். நம் ஊர் வெக்கையில் நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் அந்த ஒரு விசிறிக்கு மட்டும் 72 யூனிட் ஆகிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருவதால் 29 யூனிட்டில் முடிந்துவிடும். மூன்று விசிறிகளை மாற்றினால் ஒரு கணக்குக்கு ஏறக்குறைய 130 யூனிட் மிச்சம். வீடுகளுக்குத் தொடக்கத்தில் குறிப்பிட்ட அளவு யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்பதும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனவே அந்த எல்லையை ஒட்டி நிற்கும் குடும்பத்துக்கு இந்த மிச்சம் கையில் பணமாகவே தெரியும். மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம் என்பது வாடகைக்காரருக்குக் கூடுதல் வசதி.

சூரியத் தகட்டுக்கு ஒன்றிய அரசு 2024-இல் தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது கூரைக்குச் சொந்தக்காரருக்கானது, நமக்கில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேருந்திலும் மிதிவண்டியிலும் வேலைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டி இல்லாமல், கிழிந்ததைத் தைத்து உடுத்தும் குடும்பங்கள் இந்த நகரத்தில் எத்தனையோ உண்டு. பட்டியல் போடுபவர்களைவிடக் குறைவாகத்தான் அவர்கள் செலவழிக்கிறார்கள். அவர்களிடம் போய் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பது என் எண்ணம்.

திருநகர் ஆசிரியை:
கணக்கு சரிதான், தம்பி. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் ஒன்று இத்தகைய பேச்சுகளில் எப்போதும் விடுபட்டுப் போகிறது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் 14 வகைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டமும் வந்தது. தூக்குவாளியில் சாம்பார் வாங்குவதும், துணிப்பையோடு சந்தைக்குப் போவதும், காய்கறித் தோலைத் தனியாகச் சேர்த்து உரமாக்குவதும் நல்லவையே. எனினும் அந்த வாளியைத் துலக்குபவர், உரத்தொட்டியைக் கிளறுபவர், குடிநீர் சுத்திகரிப்பான் கழிக்கும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைப்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில், ஏற்கெனவே விடியலில் எழுந்து இரவு கடைசியாகப் படுக்கும் அதே பெண்தான். ஆகவே ஆனையூர்க்காரர் எதைத் தொடங்கினாலும் வேலையைப் பிரித்துக்கொண்டு தொடங்கட்டும். பிள்ளைகள் பையனாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் குப்பையைப் பிரிப்பது அவர்கள் பொறுப்பாகட்டும். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் எல்லாம் நின்றுபோகும், பழியும் அந்தப் பெண்மீதே விழும்.

மற்றபடி, எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க எனக்கு உதவியவர் நம் மாவட்டத்து டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா. நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் வளங்களையும், மரம், ஓடும் நீர் போல அளவோடு எடுத்தால் மீண்டும் வந்துகொண்டே இருக்கும் வளங்களையும் அவர் பிரித்துக் காட்டினார். ஒரு பொருளை வாங்கும் முன் இது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று கேட்டுப் பார்த்தால், கடைக்காரர் ஒட்டியிருக்கும் பச்சைச் சீட்டு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. செம்புக் குடுவையும் சுரங்கத்திலிருந்து வருவதுதானே! வீட்டில் எவர்சில்வர் குடம் இருக்கும்போது அது எதற்கு?

மேலூர் ஒருபோகம்:
நகரத்தில் இருப்பவர்கள் பேசுவதைப் படித்தேன். வீட்டுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும் என்பது போலப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் கண்மாய் இருந்தால்தான் வாழ்க்கை. அதை எந்தக் குடும்பமும் தனியாகக் காக்க முடியாது. வரத்துக்கால் அடைபட்டால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோடையில் கண்மாயில் படிந்த கரம்பை மண்ணை அனுமதி பெற்று அள்ளி வயலில் போட்டால் கண்மாயும் ஆழமாகும், நிலமும் தெம்பாகும்; உரச் செலவு கொஞ்சம் குறையும். முன்னோர் குடிமராமத்து என்று செய்துவந்த வேலை இதுவே. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, விட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, அவ்வளவுதான்.

எங்கள் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மலைகளும் சுனைகளும் குளங்களும் சேர்ந்த பகுதியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2024 இறுதியில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, ஊர் ஊராக மக்கள் கிளம்பி மதுரை வரை பேரணி போனார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதில் நடந்தவர்களில் பலர் மூங்கில் பல்துலக்கியைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனையூரிலும் கண்மாய் இருக்கிறதே, அதன் கரையில் குப்பை கொட்டுகிறவர்களைக் கேட்க ஒரு பத்துப் பேர் சேர்ந்தாலே அது உங்கள் விசிறிக் கணக்கைவிடப் பெரிய காரியம்.

இயற்கை விளைபொருள் விலை பற்றி: பேரையூர், கல்லுப்பட்டி கரிசலில் மானாவாரியாக விளையும் குதிரைவாலிக்குத் தண்ணீரும் உரமும் குறைவாகவே தேவைப்படும். அழகான பொட்டலத்தில் வந்தால் விலை ஏறும். நான்கு குடும்பம் சேர்ந்து அறுவடை முடிந்தபின் ஒரு மூட்டையாக விளைவித்தவரிடமே வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். தீட்டும் கூலியைத் தனியாகக் கேட்டுக்கொள்ள மறக்க வேண்டாம்.

ஆனையூர்வாசி:
மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்புக்கு எனக்குப் பொருள் புரிந்தது. முதலில் ஒரு விசிறி மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஒரு சந்தேகம்: வீட்டில் மழைநீர்க் குழாய் இருக்கிறது, ஆனால் அந்த நீரை நிலத்துக்குள் இறக்கும் அடிக்குழி மூடிக் கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் இதை எப்படிப் பேசுவது?

செல்லூர் மின்பணியாளர்:
அவருடைய இலாபத்தைச் சொல்லிப் பேசுங்கள். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. சிறிது வீணானாலும் மீதி அவருடைய ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இறங்கும். சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்கிய ரசீது இருந்தால் அதையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். 2003-இலேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது என்பதைக் கடைசியாக, மரியாதையாகச் சொன்னால் போதும். குழியிலுள்ள சரளையையும் மணலையும் வெளியே எடுத்து அலசி மறுபடி நிரப்ப இரண்டு ஆட்களுக்கு அரை நாள் வேலை. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். முதல் மழையில் மாடியின் தூசியும் புறா எச்சமும் சேர்ந்து வரும், அதை மட்டும் வெளியே திருப்பிவிடுங்கள்.