புதுப்பிப்பு: அப்பாவின் சிபாப் கருவியுடன் ஒகேனக்கல் பயணம்

மின்வெட்டு வந்தால் மலிவான விடுதியில் அப்பாவின் சிபாப் கருவியை (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி) எப்படி ஓட்டுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நல்லபடியாகப் போய் வந்தோம்.

கைகொடுத்தது, கருவியில் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதமூட்டியையும் சூடாகும் காற்றுக் குழாயையும் அணைத்துவிட்டு பேட்டரியில் ஓட்டலாம் என்ற யோசனைதான். மின்சாரத்தைப் பெருமளவு குடிப்பவை அவை இரண்டும்தான். மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே செய்தோம். எங்கள் கருவிக்கு 24 வோல்ட் தேவை. 12 வோல்ட் பேட்டரிக்கும் அதற்கும் நடுவே, அந்த மாடலுக்கென்றே விற்கும், வோல்டேஜை உயர்த்தித் தரும் டிசி கன்வெர்ட்டரை வாங்கினோம். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரம்போல் மாற்றும் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் வீணாகும் மின்சாரம் இதில் மிச்சம். நள்ளிரவில் மின்விசிறி நின்றது. அப்பாவின் மூச்சு சீராகவே இருந்தது. எனக்கு உயிரே வந்தது.

எதிர்பாராதது, காலையில் அவருக்கு மூக்கு வறண்டு எரிந்தது. உப்புநீர் ஸ்பிரே போட்டதும் தணிந்தது. விடுதியில் பிளக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருந்ததால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அவசியம்.

தர்மபுரியில் பஸ் ஏறும் முன்பே ஈரப்பதமூட்டியின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து துடைத்துவிடுங்கள். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் பஸ் குலுங்கும்போது, மிச்சத் தண்ணீர் கருவிக்குள் இறங்கினால் மோட்டார் பழுதாகிவிடும்.