ஊர்க் கணக்கைத் தலைவர் வாய்விட்டு வாசித்த நாள்

ஊராட்சித் தலைவர் ஊர்க் கணக்கைச் சொல்லிக் கேட்ட அனுபவம் யாருக்காவது உண்டா என்று நம் குழுவில் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்று உண்டு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் 2. வீட்டு ஓட்டை மாற்றுவதா, ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதா என்று பங்காளிகள் கூடிப் பேசுவதற்காகச் சென்னையிலிருந்து முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் கிளம்பிப் போயிருந்தேன். காரைக்குடியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். காலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒரு பையன் கிராம சபைக்கு வரச்சொல்லிக் கூவிக்கொண்டு போனான். எங்களோடு இருந்த பெரிய அண்ணனுக்கு எண்பது வயது. "நமக்கு அங்கே என்னப்பா வேலை?" என்றார். "சும்மா பாத்துட்டு வருவோம்ணே" என்று கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். அறுபத்திரண்டு வயதில் என் ஊர்க் கிராம சபைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஷாமியானா, தரையில் ஜமுக்காளம், பத்திருபது பிளாஸ்டிக் நாற்காலி. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் முன்வரிசையில். எங்கள் ஊர் போல 500 பேருக்கு மேல், 3,000 பேருக்குள் இருக்கிற ஊரில் 100 பேராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் கூட்டம் செல்லும். ஊராட்சிச் செயலர் பதிவேட்டைத் திருப்பித் திருப்பி எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேர் கையெழுத்தையும் சேர்த்துக்கொண்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

மரத்துக்கும் பள்ளிக்கூட ஜன்னல் கம்பிக்கும் நடுவே ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். யார் படமும் பெரிதாக இல்லை, வரவு செலவுதான் கட்டம் கட்டமாக இருந்தது. காற்றில் அது உப்பி உப்பி அடங்கியதால் எண்கள் தெரியாமல் போக, ஒரு பையன் கீழ் முனையைக் காலால் மிதித்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை அப்படியே நின்றான்.

தலைவர் ஒரு பெண். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர். எல்லாரும் "தலைவரம்மா" என்றார்கள். மைக்கைப் பிடித்ததும் பேச்சை வளர்க்கவில்லை. "நம்ம ஊராட்சிக்கு மூணு கணக்கு இருக்கு" என்று ஆரம்பித்தார். ஒண்ணாம் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் அதில்தான் வரும். ரெண்டாம் கணக்கிலிருந்து கரண்ட் பில்லும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுவதும் தவிர வேறெதற்கும் எடுக்க முடியாது. மூணாவது திட்டப் பணத்துக்கு. எந்தக் காசோலையானாலும் அவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு கணக்கிலும் என்ன வந்தது, என்ன போனது என்று மாதம் மாதமாக வாசித்தார். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் இரண்டு தடவை எரிந்து காயில் கட்டியது, பிளீச்சிங் பவுடர், தெருவிளக்குப் பல்பு, தூய்மைக் காவலர் சம்பளம் என்று எதையும் விடவில்லை.

பின்னாலிருந்து ஒரு தம்பி எழுந்து, "பணம் இருக்குல்ல, அப்புறம் ஏன் எங்க தெருவுக்கு ரோடு இல்ல?" என்று சத்தம் போட்டார். தலைவரம்மா கோபப்படவில்லை. "மத்திய நிதிக்குழு குடுக்குற பணத்துல நூத்துக்கு அறுபது தண்ணிக்கும் சுத்தத்துக்கும்னு கட்டிப்போட்டுக் குடுக்குறாங்க, தம்பி. முப்பது தண்ணிக்கு, முப்பது சுத்தத்துக்கு. அதுல நான் ரோடு போட்டா தணிக்கையில என் தலைதான் உருளும். மிச்ச நாப்பதுலதான் ரோடு. இந்த வருஷம் உங்க தெருவா, காலனித் தெருவா, இங்கயே முடிவு பண்ணுங்க" என்றார். பத்து நிமிஷம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அந்தத் தம்பியே, "மழைக்கு அங்கதான் முட்டியளவு நிக்குது, அங்க போடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ ஆண்டுப் பொதுக்கூட்டம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பதில் கேட்டதில்லை.

அடுத்து ஊரணி, அதாவது ஊர்க் குளம். எங்கள் பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஓட்டில் விழுகிற மழை வளவுக்குள், அதாவது வீட்டு முற்றத்துக்குள் இறங்கி, தெரு வாய்க்காலில் ஓடி, வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும். ஊரே அந்தக் கணக்கில்தான் கட்டியது. அந்த வரத்துக்காலை மறித்து யாரோ கம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். "கட்டினவங்ககிட்ட போன்ல பேசிட்டேன். சுவருக்கு அடியில குழாய் பதிக்க ஒத்துக்கிட்டாங்க" என்றார் தலைவர். முன்வரிசையில் ஓர் ஆத்தா, "ஒத்துக்கிட்டது சரி. தண்ணி வந்தாத்தான் நம்புவேன்" என்றார். "வர வைக்கிறேன் ஆத்தா" என்று அதையும் தீர்மானமாக எழுதச் சொன்னார்.

கடைசியில்தான் வீட்டு வரி. பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் பட்டியலைக் கையில் எடுத்தவர், "பேர் சொல்ல மாட்டேன், வரி விதிப்பு எண் மட்டும் வாசிக்கிறேன். அவங்கவங்க எண் அவங்கவங்களுக்குத் தெரியும்" என்றார். எனக்கு எங்கள் வீட்டு எண் தெரியாது. அண்ணனைப் பார்த்தேன், அவருக்கும் தெரியாது. பாக்கி வைத்ததில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள்தான் என்று அவர் சொன்னபோது யாரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

கூட்டம் முடிந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். செயலர் கம்ப்யூட்டரில் தேடித் திருப்பிக் காட்டினார். திரையில் எங்கள் ஐயா, அதாவது தாத்தா பெயர், நான் பிறப்பதற்கு முன்னால் எழுதிய அதே இன்ஷியலோடு. ஐயா 1979-இல் சிவபதவி அடைந்தவர். ஏழு பங்கு, பதினாலு புள்ளி (புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம்) உள்ள வீடு. வரி கட்டிக்கொண்டிருந்த பெரியவர் 2018-இல் தவறிய பிறகு, அடுத்தவர் கட்டியிருப்பார் என்று பதினாலு பேரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஆறு வருஷத்துப் பாக்கியையும் பதினாலாகப் பிரித்தால், ஆளுக்கு ஒரு வேளை மெஸ் சாப்பாட்டுக் காசு.

ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1942-இல் அங்கே எல்லாம் போய்க் கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர். அவர் எழுதிய பேரேடு இன்றும் இரட்டைப் பூட்டு அறையில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஐந்தொகை எடுத்துக் கணக்கு முடிக்கும்போது லாபத்தில் மகமையை, அதாவது தர்மத்துக்கான பங்கை, முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைப் பங்கு பிரித்திருக்கிறார். அந்த மகமையில்தான் எங்கள் ஊர் ஊரணிப் படித்துறை வந்தது, நான் படித்த பள்ளிக்கூடம் வந்தது, அந்த வேப்பமரத்தடிகூட அப்படி வந்ததுதான். அவர் பெயரில் ஆறு வருஷம் பாக்கி. அன்றைக்குச் சாயங்காலம் ஓட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அண்ணன் இதைத்தான் எடுத்தார்.

மிச்சக் கதையைக் கடைசியில் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

* * *

மேலே வங்கி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. காரைக்குடியை ஒட்டிய ஊராட்சி எங்களுடையது. நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர்.

காரைக்குடி 1928-இல் நகராட்சியானது, 2024-இல் மாநகராட்சியானது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. எங்கள் ஊரும் போனது. சேருவதற்கு முன்னால் ஊருக்குள் ஒரே பேச்சு. மனை விலை ஏறும் என்று சிலருக்கு மகிழ்ச்சி. எங்கள் தெருவில் பயம்தான். அப்போது எங்கள் தலைவர் தெருத் தெருவாக வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அம்மாவிடம் நேராகச் சொன்னார்: "அத்தை, உங்ககிட்ட மறைக்க விரும்பல. மாநகராட்சி ஆயிட்டா நூறு நாள் வேலை கிராமத்துக்குன்னு உள்ளது, இங்க இருக்காது. வரியும் கூடும். பாதாளச் சாக்கடை, பெரிய ரோடு எல்லாம் வரலாம், ஆனா நாளைக்கே வராது."

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மூன்று நாள் அம்மா அவர் மேல் கோபமாகவே இருந்தார். அப்புறம் ஒருநாள், "அவன்தான் உள்ளதைச் சொன்னான்" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. முன்கூட்டியே தெரிந்ததால்தான் மகளிர் குழுவில் கடன் கேட்டு இரண்டாவது மிஷின் வாங்கினோம். அம்மா இப்போது காஜா எடுக்கிறார், பட்டன் தைக்கிறார். வேலைக்குப் போன இடத்தில் பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டது இப்போது இல்லையே என்பதுதான் அவருக்குக் குறை. அந்தக் குறையை எந்தக் கணக்கில் எழுதுவது?

காரைக்குடி எப்படி வளர்ந்தது என்று எங்கள் பள்ளியில் சொல்லுவார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார், 1948-இல் நேரு வந்து அடிக்கல் வைத்தார் என்று. அந்தக் காலத்தில் ஒருவர் கொடுத்தார், ஊர் வளர்ந்தது. இப்போது எல்லாரும் கொடுக்கிறோம். அதனால் எல்லாரிடமும் வந்து சொல்ல வேண்டும். எங்கள் தலைவர் சொன்னார்.

* * *

நான் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றில் நடக்கும் தங்குவிடுதியில் சமைக்கிறேன். மார்கழி, தை மாதம் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்று வழிகாட்டிப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு போவதைத் தினமும் கேட்கிறேன்.

எங்கள் வார்டு உறுப்பினர் ஒருநாள் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். இலை, காய்கறித் தோல் ஒரு வாளி, பிளாஸ்டிக் ஒரு வாளி என்று பிரிக்காமல் போடுவதால் குப்பை வண்டிக்கு எத்தனை நடை, டீசலுக்கு என்ன செலவு என்று ஒரு பழைய நோட்டைத் திறந்து காட்டினார். "அக்கா, இந்த நடையைப் பாதியாக்குனீங்கன்னா அந்தக் காசுல கடைத்தெருவுக்கு ரெண்டு லைட்டு போடலாம்" என்றார். பிரித்தோம். லைட்டும் வந்தது. ராத்திரி வேலை முடிந்து நான் அந்த வெளிச்சத்தில்தான் வீட்டுக்கு நடக்கிறேன்.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டைப் பிரித்துத் தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றினார்கள். உறுப்பினர் போய்ப் பேசிப் பார்த்தார். பங்குதாரர்கள் ஒத்துப்போகவில்லை என்றார்கள், அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லாரி போன பிறகும் வெகு நேரம் அங்கேயே நின்றார்.

* * *

முதலில் எழுதியவன்தான். மிச்சத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா.

அன்றைக்கு ராத்திரியே அண்ணன் பதினாலு புள்ளிக்கும் போன் போட்டார். சிங்கப்பூர், கோயம்புத்தூர், ஹைதராபாத் என்று எல்லாரையும் பிடித்தார். பாக்கியை நான் கட்டினேன், பெயர் மாற்றத்துக்கும் எழுதிக் கொடுத்தோம்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் தலைவரின் பதவிக் காலம் முடிந்தது. அதற்கப்புறம் அரசு வைத்த தனி அலுவலர் நிர்வாகம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று பொங்கலுக்குப் போனபோது கடையில் பேசிக்கொண்டார்கள். அதிகாரிக்கும் பல ஊர், பல வேலை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் போட ஒரு ஆள், நின்று பதில் சொல்ல ஒரு ஆள் என்று ஊருக்கு வேண்டும். சீக்கிரம் தேர்தல் வர வேண்டும் என்று அப்போது மனசார நினைத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று ஊரணிப் பக்கம் போனேன். சுவருக்கு அடியில் இரண்டு சிமெண்ட் குழாய் பதித்திருந்தது. படித்துறையில் ஏழாவது படி வரைக்கும் தண்ணீர். அந்த ஆத்தா தண்ணீரை ஒட்டிய படியில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து தலைவரம்மா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். கையெல்லாம் பச்சை. பதிவேடுகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியாயிற்று என்றார். வரி ரசீதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தார்.

"இந்த வருஷத்துக்கும் சேத்துக் கட்டிட்டீங்களாண்ணே?"

கட்டிவிட்டேன் என்றேன்.

"அடுத்த வருஷம் உங்க பதினாலு பேர்ல யாரு கட்டப் போறது? அதையும் இப்பவே பேசி எழுதி வச்சுக்குங்க" என்று ரசீதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் பச்சை விரல் ஒட்டியிருந்தது.