ட்ரைகுளோர் (எண்ணெய்ப் பிசுக்கு, தார் கரைக்கும் ட்ரைகுளோரோஎத்திலீன்) புழங்கும் இடத்தில் பார்த்ததைப் போடுங்கள்

சைட் லேப், கோத்தகிரி:
ரோட்டு வேலை, பிட்டுமென் எக்ஸ்ட்ராக்‌ஷன் (தார்க் கலவையில் தார் எவ்வளவுன்னு பார்க்கும் டெஸ்ட்). பவுலில் 1 கிலோ கலவை, மூழ்குமளவு ட்ரைகுளோர். ஊறினதும் சென்ட்ரிஃபியூஜில் வேகமாச் சுற்றணும், வடிவது வைக்கோல் நிறமாகும்வரை 200 மி.லி. வீதம் புது ட்ரைகுளோர் திரும்பத் திரும்ப ஊற்றணும். வெளியே மிஸ்ட், ஜன்னல் சாத்தியாச்சு. மூலையில் காயில் ஹீட்டர். காயில் சிவந்த கொஞ்ச நேரத்தில் அந்த இனிப்பு வாசம் போய், மூக்கைக் குத்தும் நெடி. ஆபரேட்டருக்கு நிற்காத இருமல். கனலும் கம்பியில் பட்ட ஆவி ஹைட்ரஜன் குளோரைடாக உடையும், கூடவே கொஞ்சம் பாஸ்ஜீன் என்ற விஷவாயு. நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துத்தான். இருமல் நின்னதும் ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணும்.

வைண்டிங் பட்டறை, குன்னூர்:
வாசம் வந்தா உஷாராகலாம்னு நம்பாதீங்க, மூக்கு சீக்கிரமே பழகிடும். டீ ஃபேக்டரி மோட்டார் கழுவின ஃபிட்டர், சாயங்காலம் ஒரு கட்டிங் போட்டதும் கன்னம், கழுத்தெல்லாம் செந்திட்டு. சரக்கு சரியில்லைன்னாங்க. சரக்கு இல்லை, ட்ரைகுளோர்தான்; உடம்பில் ஆல்கஹால் உடையறதை அது தடுக்கும். ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனம், ஃபேனைத் தரையோரம் வைங்க.

மெயின்டெனன்ஸ், ஊட்டி:
வைண்டிங் சார், தரையோர ஃபேன் பாதிதான் சரி. காற்றோட கலந்த ஆவிக்கு அவ்வளவு கனம் கிடையாது. கனமா தேங்குறது குழியிலும் டிரெயினிலும்தான். உறிஞ்சும் வாய் தொட்டி விளிம்பிலேயே இருக்கணும். குழிக்குள்ள விழுந்தவனைத் தூக்க கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கோட இறங்கக்கூடாது, காற்று சிலிண்டர் வேணும்.

யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்றேன். வேப்பர் டிகிரீசர் (ட்ரைகுளோரைக் கொதிக்க வச்சு ஆவியில் பாகங்களின் எண்ணெயைப் போக்கும் தொட்டி) வச்சிருக்கவங்க கவனிங்க: கோயமுத்தூரில் 87 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது ஊட்டியில் 79லயே கொதிக்கும். எண்ணெய் சேரச் சேரக் கொதிக்கும் சூடு ஏறும்; அதைப் பார்த்து ஹீட்டரை நிறுத்தும் கட்-ஆஃபை கோயமுத்தூரில் செட் பண்ணினபடியே விட்டா, எண்ணெய் ஏறினது லேட்டாத்தான் தெரியும். எண்ணெய் கால் பங்கைத் தொட்டா வடிச்சிடுங்க. அலுமினியச் சீவலை அடியில் சேர விடாதீங்க; அமிலம் உண்டாகி, ரியாக்‌ஷன் ஓட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. காஸ்டிக் சோடா பக்கத்திலேயே வரக்கூடாது, ரெண்டும் சேர்ந்தா டைகுளோரோஅசெட்டிலீன் உண்டாகி வெடிக்கும். நைட்ரைல் கையுறை சில நிமிஷம்தான் தாங்கும். பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கையுறை நல்லது, ஆனா தண்ணி பட்டா கரையும். நம்ம ஊர் ஈரத்துக்கு விட்டான் (ஃப்ளோரின் ரப்பர்) கையுறைதான்.

சைட் லேப், கோத்தகிரி:
ஹீட்டரைப் பற்றிச் சொன்னா டிகிரீசர் பாடம் நடக்குது! லேபுக்கு தாரை எரிச்சே அளக்கும் இக்னிஷன் ஃபர்னஸ் வாங்கினா சால்வென்ட்டே வேண்டாம்.

கொடைக்கானல்:
கழிவு எங்கே போகுதுன்னு யாரும் சொல்லலையே? ஒரு சைட்டில் ஷெட்டுக்குப் பின்னால மண்ணில் ஊத்தினாங்க, பத்தடி கீழே ஊற்று. தண்ணியைவிட ஒன்றரை மடங்கு கனம். பாறை வெடிப்பில் இறங்கி அடியில் படுத்துடும், வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கரையும். 2012லேயே ஐஏஆர்சி (உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு) இதை முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணியில் சேர்த்தாச்சு, சிறுநீரகம்தான் முதல் இலக்கு. அந்த ட்ரைகுளோர் வந்த காலி பேரலில் இப்போ மழைத்தண்ணி பிடிக்கிறாங்க. அபாயக் கழிவு எடுக்க லைசென்ஸ் உள்ள வண்டி மலைக்கு மேலே வருதா? தெரிஞ்சவங்க போடுங்க.