பியூசிஎல் வாங்கித் தந்தது பூட்டா, சாவியா?

பழையசட்டம்:
போன் ஒட்டுக்கேட்பு பற்றி உச்ச நீதிமன்றம் தந்த 1996 டிசம்பர் 18 தீர்ப்பை உரிமை இயக்கங்களின் பெரிய வெற்றி என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது தோல்வியாகத்தான் படுகிறது.

அரசியல்வாதிகளின் போன்களை ஒட்டுக்கேட்டது பற்றிய சிபிஐ அறிக்கை 1991-ல் பத்திரிகையில் வெளியானது. 4 எண்களுக்கு அனுமதிக் கடிதமே இல்லை. 111 எண்களை 180 நாள் வரம்பு தாண்டியும் கேட்டிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் மக்கள் சிவில் உரிமைக் கழகம், அதாவது பியூசிஎல், உச்ச நீதிமன்றம் போனது. அவர்கள் கேட்டது நீதித்துறையின் முன் அனுமதி. கிடைத்தது உள்துறைச் செயலாளரின் கையெழுத்து. அந்த ஆணை சரியா என்று பார்க்க கேபினட் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர் என மூன்று பேர் குழு. எழுதிய பரீட்சையைப் பக்கத்து பெஞ்சுக்காரனே திருத்துவது மாதிரி.

மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 ஆணைகள் போட்டு வந்தது என்று ஆர்டிஐ பதில் வந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக, ஒரு அமர்வுக்கு 15,000 முதல் 18,000 ஆணைகள். நடக்காத காரியம் என்கிற பொருளில் தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே 2018-ல் எழுதிவிட்டது. ஒரு கோப்புக்கு அரை நிமிடம் கொடுத்தாலும் 125 மணி நேரம் வேண்டும்.

1988-ல் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவியை விட்டார். இப்போதென்றால் "உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலின்படியே செய்தோம்" என்று ஒரு வரியில் முடித்திருப்பார். அந்த ஒரு வரியைச் சம்பாதித்துக் கொடுத்தது பியூசிஎல்.

மேலக்கோபுரம்:
ஹெக்டேயை இறக்கியது அரசியல். அதே சமயத்தில் ஒட்டுக்கேட்கப்பட்ட ஒரு சாதாரண ஆளுக்கு அதனால் என்ன கிடைத்தது?

1885 தந்திச் சட்டத்தின் பிரிவு 7(2)(பி), முறைகேடான ஒட்டுக்கேட்பைத் தடுக்க விதி எழுத அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தீர்ப்பு வரும் நாள்வரை ஒரு விதிகூட எழுதவில்லை. ஒட்டுக்கேட்புக்கான 419-ஏ விதியை அரசு எழுதியதே தீர்ப்புக்குப் பிறகுதான். அதுவரை அந்தத் தீர்ப்பின் ஒன்பது வழிமுறைகள் மட்டுமே காவல்.

வழக்கு நடத்துகிறவருக்கு அது எப்படி உதவுகிறது என்று பாருங்கள். முதலில் ஆணை நகலைக் கேட்க வேண்டும். கையெழுத்து உள்துறைச் செயலாளருடையதா? அவசரம் என்றால் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாதவர் போட்டாரா? 60 நாள் கெடு நீட்டிக்கப்பட்டதா, மொத்தம் 180 தாண்டியதா? ஏழு வேலைநாளுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போனதா? இதெல்லாம் தேதியை வைத்துச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் உதைப்பது காரணம் எழுதும் இடத்தில்தான். தந்திச் சட்டத்தின் பிரிவு 5(2) கேட்டது பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு. என்ன நடந்தது என்று சொல்லாமல் பிரிவின் வாசகத்தையே ஆணையில் திருப்பி எழுதி வைத்திருப்பார்கள்.

2019 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் இப்படி வந்த மூன்று ஆணைகளை ரத்து செய்து பதிவுகளை அழிக்கச் சொன்னது. 2025 ஜூலை 2 அன்று சென்னையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2011-ஆம் ஆண்டின் ஆணை ஒன்றை ரத்து செய்தார். கேட்ட உரையாடலை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். நீங்கள் கேலி செய்கிற அதே குழுதான்! இரண்டு தீர்ப்புகளும் 1996-ஐத் தூக்கிவிட்டால் நிற்காது.

வடக்குவாசல்:
இந்த அமைப்புகள் எல்லாம் வெளிநாட்டுப் பணத்தில் தீவிரவாதிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவை. இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

பழையசட்டம்:
வடக்குவாசல், என் பக்கம் நின்று என்னைக் கவிழ்க்காதீர்கள். நிதி நிறுவனங்களிடம், உள்நாடோ வெளிநாடோ, பணம் வாங்குவதில்லை என்பது பியூசிஎல்லின் அறிவித்த கொள்கை. பணம் அல்ல என் புகார்.

மேலக்கோபுரம் சார், 2011-ல் போட்ட ஆணைக்கு 2025-ல் நிவாரணம். பதினான்கு வருடம். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 26 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று சொல்லி ஒட்டுக்கேட்பைச் சரி என்றது. வழிமுறை ஒன்றுதான், விடை இரண்டு.

இன்னொரு ஓட்டை யார் கண்ணிலும் படுவதில்லை. ஒட்டுக்கேட்பு ஆவணங்களை, தேவை தொடராவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழிக்க வேண்டும். அந்தரங்கம் காக்க வந்த ஏற்பாடு, ஒட்டுக்கேட்டதே தவறு என்பதற்கான தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. குற்றப்பத்திரிகையோடு ஒலிப்பதிவு வந்தால் மட்டும் ஒருவருக்குத் தெரியும். அவரோடு போனில் பேசிய மனைவிக்கும் வக்கீலுக்கும் கடைசிவரை தெரியாது.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவும் இதே கதைதான். பியூசிஎல் வழக்குப் போட்டது, 2003 டிசம்பர் 16-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதுவரை சந்தேகத்துக்குரியதாக இருந்த சட்டத்துக்கு முத்திரை விழுந்தது.

மேலக்கோபுரம்:
பொடா தீர்ப்பைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பயங்கரவாத அமைப்பில் சேருவது, அதை ஆதரிப்பது, அதற்கு நிதி திரட்டுவது பற்றிய பிரிவு 20, 21, 22-க்கு, பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இருக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னது. திருமங்கலம் கூட்டத்தில் பேசியதற்காக 2002 ஜூலையில் பிரிவு 21-ல் கைதான வைகோவும் அந்த வழக்கில் மனுதாரர். 2004 பிப்ரவரியில் ஜாமீனில் வந்தார். சட்டம் தப்பியது உண்மை, ஆனால் பல்லில் ஒன்றைப் பிடுங்கிவிட்டுத்தான் விட்டார்கள்.

அடிக்குறிப்பு:
இருவரும் தீர்ப்பு நாளோடு நின்றுவிடுகிறீர்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற ஐடி சட்டம் 66-ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து செத்த பிரிவு. 2021-ல் பியூசிஎல் மறுபடி மனு போட்டுக் காட்டிய கணக்குப்படி 11 மாநிலங்களில் 745 வழக்குகள் அந்தப் பிரிவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. எப்படி? அரசின் தலைமை வழக்கறிஞர் வேணுகோபாலே நீதிமன்றத்தில் விளக்கினார்: சட்டப் புத்தகத்தில் 66-ஏ முழுசாக அச்சாகியிருக்கிறது, ரத்தானது என்பது கீழே அடிக்குறிப்பில். அடிக்குறிப்பை எந்த இன்ஸ்பெக்டர் படிக்கிறார்? (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.) 66-ஏ-வில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்ற பொது உத்தரவு 2022 அக்டோபரில்தான் வந்தது. வென்ற பிறகு ஏழு வருடம் இதைத் துரத்த ஒரு அமைப்பு வேண்டியிருந்தது. தனிநபர் மனுதாரர் தன் வழக்கு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்.

பழையசட்டம்:
66-ஏ-வில் ஒத்துக்கொள்கிறேன். அங்கே துரத்தினார்கள். ஒட்டுக்கேட்பில் அந்த வேகம் எங்கே? குழு எத்தனை ஆணைகளை நிராகரித்தது என்று வெளியிடச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் குற்ற வழக்கு ஒட்டுக்கேட்பு முடிந்தால் சம்பந்தப்பட்டவருக்குப் பொதுவாக 90 நாளுக்குள் நீதிமன்றம் வழியாக அறிவிப்புப் போக வேண்டும். ஜெர்மனியிலும் பின்னறிவிப்பு உண்டு. அது இருந்தால்தான் உங்கள் தேதிக் கணக்கெல்லாம் வேலைக்கு ஆகும்.

மேலக்கோபுரம்:
பின்னறிவிப்பில் உங்களோடு சண்டையே இல்லை. ஆனால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் 419-ஏ-க்குப் பதிலாகப் புது விதிகளை எழுதியது அரசு. அதில் பின்னறிவிப்பு இல்லை, நீதிபதி இல்லை, பழைய குழுவே தொடர்கிறது. எழுதாமல் விட்டது அவர்கள், குற்றப்பத்திரிகையை நீட்டுவது பியூசிஎல்லிடமா?

பழையசட்டம்:
இருவரிடமும்தான். அதிகாரிகள் குழுவே போதும் என்று 1996-ல் தீர்ப்பு வாங்கி வைத்திருக்கும்போது, 2024-ல் அரசு எதற்கு நீதிபதியைத் தேடப் போகிறது?