மறு: மறு: ‘மின்கல ஆயுள்’ – பெடலுக்கு இந்தச் சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

போன மடலில் ஐயா எழுதியது:

> பேட்டரி லைஃப் என்றால் மின்கல ஆயுள். ஏற்கெனவே புழங்கும் சொல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. கைபேசிக்கு இந்தச் சொல் எப்படியோ ஒப்பேறிவிடுகிறது. ஆனால் நாம் எழுதிக்கொண்டிருப்பது மிதிக்கும் திறனை அளக்கும் பெடலுக்கான தமிழ்க் கையேடு, அங்கே ஒப்பேறாது. (அதற்கு முன், திறன்மானியா ஆற்றல்மானியா என்ற பஞ்சாயத்து. பெடல் காட்டுவது வாட் கணக்கு. பள்ளிப் பாடநூலில் வாட் என்றால் திறன், ஜூல் என்றால் ஆற்றல். ஆகவே திறன்மானி. பெடல் பெடலாகவே இருக்கட்டும். ‘மிதி’ வேண்டும் என்று கொழிஞ்சாம்பாறை சைக்கிள் கடையில் கேட்டால் கால்மிதியடியைக் காட்டுவார்கள்.)

கார்மின் நிறுவனத்தின் ராலி 100, 200 வகைப் பெடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெடலிலும் எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 பட்டன் செல் இரண்டு, இல்லாவிட்டால் அந்த இரண்டின் உயரத்துக்குச் சரியாக வரும் சிஆர்1/3என் ஒன்று. 120 மணி நேரம் வரை வரும் என்கிறார்கள். தீர்ந்ததும் 4 மி.மீ. ஆலன் கீயால் மூடியைத் திறந்து, பழையதைத் தட்டி எடுத்து, புதியதைப் போட்டு, ரப்பர் வளையம் மடங்காமல் மூடியைத் திருகிவிட்டால் மறுபடியும் 120 மணி. 2015-இல் வந்த பவர்டேப் பி1 இன்னும் சுலபம், பெடலுக்கு ஒரு ரிமோட் செல் (AAA), எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இவற்றில் செல்லுக்குத்தான் முடிவு உண்டு, செல்லால் பெடலுக்கு முடிவு வராது.

ஃபவேரோ நிறுவனத்தின் அசியோமா பெடல் வேறு ரகம். லித்தியம் அயான் பேட்டரி உள்ளேயே அடைபட்டிருக்கிறது, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர், ஒரு சார்ஜுக்குக் குறைந்தது 50 மணி நேரம். இங்கேதான் ‘ஆயுள்’ காலை வாருகிறது. கையேட்டில் ‘மின்கல ஆயுள் 50 மணி’ என்று போட்டால், 50 மணிக்குப் பிறகு பெடலைத் தூக்கிப் போட வேண்டுமா என்று புதிதாக வாங்குகிறவர் கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஏனென்றால் அந்த பேட்டரிக்கு உண்மையிலேயே இன்னொரு ஆயுள் இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரி சுமார் 500 தடவை முழுதாக ஏற்றி இறக்கினால் கொள்ளளவு நன்றாகவே குறையும் என்பது பொதுக் கணக்கு. 50-ஐ 500-ஆல் பெருக்கினால் 25,000 மணி நேரம். வாரம் 10 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது கிட்டத்தட்ட 48 வருடம்! யாரும் சார்ஜ் ஏற்றி ஏற்றி அதைத் தேய்க்கப்போவதில்லை. அதைக் கொல்வது வருடங்களும் வெயிலும். நம் பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும்போது தகரக் கூரைக்கடியில் முழு சார்ஜோடு சைக்கிளை நிறுத்தி வைத்தால், ஓட்டாமலே பேட்டரி மூப்படையும். பாதி சார்ஜில், வீட்டுக்குள் வைப்பது நல்லது. இந்த அறிவுரையை எழுதும்போது எந்த ‘ஆயுள்’ என்று எழுதுவது?

ஒன்றை மணியில் சொல்ல வேண்டும், மற்றதை வருடத்தில். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சனங்கள் வாயில் வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. புது செல் போடும்போது “எத்தனை நாள் தாங்கும்?” என்கிறோம். பழைய பேட்டரி என்றால் “சார்ஜ் நிக்க மாட்டேங்குது” என்கிறோம், எங்கள் பக்கத்தில் மலையாளம் பேசுகிறவர்களும் சார்ஜ் ‘நிக்கணில்லா’ என்றுதான் சொல்வார்கள். ஆகவே என் பரிந்துரை: ஒரு செல்லோ ஒரு சார்ஜோ ஓடும் மணிக்கணக்குக்கு தாங்குநேரம். சார்ஜ் நிற்காமல் போகும்வரையான வருடக்கணக்குக்கு மட்டும் ஆயுள்.

இன்னொன்று. ‘மாற்று மின்கலம்’ வேண்டாம். மாற்று எரிபொருள், மாற்றுப் பாதை எல்லாம் படித்துப் பழகிய கண்ணுக்கு அது ‘வேறு வகை மின்கலம்’ என்றுதான் படும். ‘கழற்றுகலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கென்னவோ உடைத்து விற்கும் கப்பல் நினைவுக்கு வருகிறது. ‘செல் மாற்றும் பெடல்’, ‘சார்ஜ் ஏற்றும் பெடல்’ என்று எழுதிவிட்டுப் போவோம். எல்லாவற்றுக்கும் சொல் படைக்க வேண்டியதில்லை.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

அண்ணா, பொள்ளாச்சியிலிருந்து எழுதுறேனுங்க.

பிரித்தது சரி. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்குது. பெடலுக்குள்ளேயே பேரிங் இருக்கிறது, அதைக் கையேட்டில் ‘தாங்கி’ என்று போட்டிருக்கிறோம். ஒரே பக்கத்தில் தாங்கியும் தாங்குநேரமும் வந்தால், பேரிங் எத்தனை நேரம் தாங்கும் என்று படிக்க மாட்டார்களா? ‘ஓட்டநேரம்’ போதுமே.

அப்புறம், ஆயுளை ஒன்றுக்கு மட்டும் ஒதுக்கினாலும், கைபேசி விளம்பரம் படித்த பழக்கத்தில் எல்லாரும் பழையபடிதான் படிப்பார்கள். செருப்பு, டயர், மோட்டார் எல்லாவற்றுக்கும் நாம் சொல்வது “நல்லா உழைச்சிருக்கு” என்றுதானுங்களே. அதிலிருந்து உழைகாலம் என்று எடுக்கலாம். ‘இந்தப் பெடலின் பேட்டரி பல வருடம் உழைக்கும்’ என்றால் எங்க அப்பாவுக்கும் புரியும்.

*

தம்பி, உழைகாலம் அருமை. ஆயுளை இதோடு விட்டுவிடுவோம்.

ஓட்டநேரம் மட்டும் வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டையூசி வளைவும் ஏறி முடித்தால், ஹேண்டில்பாரில் இருக்கும் கம்ப்யூட்டர் காட்டுவதும் ஓட்டநேரம்தான். இரண்டும் ஒன்றல்ல. பெடல் அசைந்தாலே விழித்துக்கொள்ளும். சைக்கிளைக் கார் மேலே கட்டிக்கொண்டு போனால், ஒரு மிதிகூட மிதிக்காமல் அந்தக் குலுக்கலில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும். இதற்காகவே அசியோமாவின் செயலியில் பயண முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தாங்குநேரம் என்றால் பெடல் விழித்திருக்கும் நேரம், நீங்கள் ஓட்டிய நேரமல்ல.

தாங்கியை ‘பேரிங்’ என்றே மாற்றிவிடுகிறேன். மெக்கானிக்குக்கும் அதுதான் சௌகரியம்.

சொல் கிடைத்ததில் இன்னொரு லாபம், செல் வகையைப் பற்றிய குறிப்பை இப்போது சுருக்கமாக எழுத முடிகிறது. எல்ஆர்44 காரச் செல் (ஆல்கலைன்), 1.5 வோல்ட்டில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். எஸ்ஆர்44 வெள்ளி ஆக்சைடு, 1.55 வோல்ட்டிலேயே கடைசிவரை நின்று சட்டென்று விழும். மின்னழுத்தத்தைப் பார்த்து மீதியைக் கணிக்கும் கருவி ‘நிறைய இருக்கிறது’ என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைவது இதனால்தான். பொம்மைக் கடையில் ஏஜி13 என்று அட்டையாக விற்பதும் எல்ஆர்44 அளவுதான், பெடலுக்குள் கச்சிதமாக உட்காரும், ஆனால் மலிவுச் சரக்கின் தாங்குநேரத்தை நம்பி மலையேறக் கூடாது. அப்புறம் ஒரு பெடலுக்கு மாற்றினால் மற்றதற்கும் மாற்ற வேண்டும், புது செல் போட்டதும் ஓட்டுவதற்கு முன் அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கையேட்டில் போக வேண்டிய வரிகள் இப்படி:

‘செல் மாற்றும் பெடல்: தாங்குநேரம் 120 மணி வரை. செல்லைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டாம்.’

‘சார்ஜ் ஏற்றும் பெடல்: தாங்குநேரம் 50 மணி. பேட்டரியின் உழைகாலம் வெயிலில் குறையும்.’

முதல் வரியில் ‘வரை’ கட்டாயம் இருக்கட்டும், அதை வெட்டிவிடாதீர்கள். ஐயா, ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் ‘மின்கல ஆயுள்’ வரும் இடங்களையெல்லாம் மாற்றிவிடுகிறேன். ஒவ்வோர் இடத்திலும் எது தாங்குநேரம், எது உழைகாலம் என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரே தட்டில் மாற்ற முடியாது.